எல்லா மருந்தையும் பையில் போட்டு எடுத்து வாங்க

சென்ற ஆண்டு இதயத் துடிப்பு சீரில்லாமல் போனதால் அம்மா ஆறு நாள் மருத்துவமனையில் இருந்தார். 71 வயது. வீட்டுக்கு அனுப்பும்போது ஐந்து பொட்டலம் மருந்து கொடுத்தார்கள். அதில் ஒன்று வார்ஃபரின், ரத்தம் கட்டியாக உறையாமல் இருப்பதற்கு. அடுத்த வாரம் ஃபார்மசியில் நடக்கும் வார்ஃபரின் கிளினிக்குக்கு வர வேண்டும், வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் எடுத்து வர வேண்டும் என்று தேதி போட்டுத் தந்தார்கள். மருந்து எடுக்கிற கவுண்டர்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வாரத்தில் அம்மாவுக்குக் கணுக்கால் வீங்கிவிட்டது. எழுந்து நின்றால் தலை சுற்றியது. இதயம் பலவீனமானால் இப்படித்தான் இருக்கும்போல என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம்.

மருந்தாளுநர் ஓர் இளம்பெண், நம் தமிழ்ப் பிள்ளை. பையை மேசையில் கொட்டி, ஒவ்வோர் அட்டையையும் திருப்பிப் பின்னால் இருக்கும் பொடி எழுத்தைப் படித்தார். இரண்டு அட்டைகளை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"ஆண்டி, இது ரெண்டையும் சாப்பிடுறீங்களா?"

"ஆமாம்மா. இது ஆஸ்பத்திரியில் கொடுத்தது. அது கிளினிக்கில் எப்பவும் வாங்குற பிரஷர் மாத்திரை."

இரண்டும் ஒரே மருந்து! மருத்துவமனை கொடுத்தது அம்லோடிபின் 10 மில்லிகிராம். பினாங்கு ஜெலுத்தோங்கில் எங்கள் வீட்டுப் பக்கத்துக் கிளினிக்கில் வாங்கியதில் கம்பெனிப் பெயர் பெரிதாக இருந்தது, அதன் கீழே சின்னதாக அம்லோடிபின் 5. நாளொன்றுக்கு 10-க்கு மேல் போகக் கூடாத மருந்தை அம்மா 15 சாப்பிட்டு வந்திருக்கிறார். கால் வீக்கம் அந்த மருந்தின் பக்கவிளைவுதான். மலேசியாவில் தனியார் கிளினிக்குகள் மருந்தையும் தாங்களே கொடுத்துவிடுவதால், அங்கே வாங்குவது மருத்துவமனைக் குறிப்பில் ஏறுவதில்லை. அந்தப் பெண் உடனே டாக்டருக்குப் போன் செய்து கேட்டு, கிளினிக் மாத்திரையை நிறுத்தச் சொன்னார்.

அடுத்து மூட்டு வலிக்கு அம்மா வைத்திருந்த டைக்ளோஃபெனாக். வார்ஃபரினோடு இது சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம் என்று அதையும் ஒதுக்கி வைத்தார். எனக்குக் கை நடுங்கிவிட்டது. அந்த மாத்திரையை எடுத்துக் கொடுத்ததே நான்தான்.

அப்புறம் விரல் நுனியில் குத்தி ஐ.என்.ஆர். பார்த்தார். ரத்தம் உறைய எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் எண் அது. அம்மாவுக்கு அது 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும், வந்தது 1.6, அதாவது ரத்தம் வேண்டியதைவிடச் சீக்கிரம் உறைகிறது. மாத்திரை தவறியதா என்று கேட்டார், இல்லை. கீரை? பக்கத்து வீட்டு அக்கா ரத்தத்துக்கு நல்லது என்று சொன்னதால் தினமும் முருங்கைக்கீரை சூப். கீரையில் இருக்கும் வைட்டமின் கே வார்ஃபரினுக்கு எதிராக வேலை செய்யுமாம்.

"கீரையை விட்டுடாதீங்க ஆண்டி. வாரா வாரம் ஒரே அளவாச் சாப்பிடுங்க. அதுக்கேத்த மாதிரி நாங்க மருந்தை வைக்கிறோம்."

கீரையே கூடாது என்று சொல்லியிருந்தால் அம்மா இரண்டு வாரம் கேட்டுவிட்டு மூன்றாவது வாரம் ஒளித்துச் சாப்பிட்டிருப்பார். அவரைப் பார்த்த அரை மணி நேரத்தில் அந்தப் பெண் அதைப் புரிந்துகொண்டார்.

ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது என்றும் கேட்டேன். அன்றைக்கே நினைவு வந்தால் சாப்பிடலாம், மறுநாள் ஆகிவிட்டால் விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துச் சாப்பிடவே கூடாது. இதை அம்மா வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்த பிறகுதான் விட்டார்.

கால் வீக்கம் பத்து நாளில் வடிந்தது. மூன்றாவது முறை போனபோது ஐ.என்.ஆர். 2.4. இப்போது மாதாந்திர மருந்தை வீட்டுக்கு அருகிலுள்ள அரசாங்க கிளினிக்கிலேயே எடுத்துக்கொள்ள எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். வார்ஃபரின் கிளினிக்குக்கு மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு பழைய இடத்துக்கே போகிறோம். சாமி படத்துக்குப் பக்கத்துக் காலண்டரில் செவ்வாய், சனி இரண்டு நாளிலும் அம்மா பச்சைப் பேனாவால் 'கீரை' என்று எழுதி வைத்திருக்கிறார்.