புகைபோக்கியிலிருந்து சர்வர் வரை: மாசு அளவு எங்கெல்லாம் கெடுகிறது

2014 பிப்ரவரியில் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம், அதிகம் மாசுபடுத்தும் 17 வகைத் தொழிற்சாலைகள் ஆன்லைன் கண்காணிப்புக் கருவி பொருத்த வேண்டும் என்று உத்தரவிட்டது. அனல் மின் நிலையம், சிமென்ட், எண்ணெய் சுத்திகரிப்பு எல்லாம் அதில் அடக்கம். கருவிகள் வந்தன, எண்களும் இரவு பகலாக சர்வருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்த எண்ணை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஓர் ஆலை மீது நடவடிக்கை எடுக்க முடியுமா? கஷ்டம். கருவிகள் போதவில்லை என்பதல்ல சிக்கல். எந்த நிலையில் எடுத்த அளவு என்ற விவரம் எண்ணோடு கூடவே வருவதில்லை.

முதலில் ஆக்சிஜன். 2004 முதல் 2016 வரை நிறுவப்பட்ட நிலக்கரி மின் நிலையங்களுக்குத் தூசி வரம்பு, ஒரு நார்மல் கன மீட்டருக்கு (குறிப்பிட்ட வெப்பநிலைக்கு மாற்றிக் கணக்கிட்ட கன மீட்டர்) 50 மி.கி. இது 6 சதவீத ஆக்சிஜனுக்குக் கணக்கிட்ட அளவு. புகையில் வெளிக்காற்று கலக்கக் கலக்கத் தூசியின் செறிவு குறையும். அந்த ஏமாற்றைத் தடுக்கத்தான் இந்தத் திருத்தம். அளந்த எண்ணை 15 ஆல் பெருக்கி, 21இலிருந்து அளந்த ஆக்சிஜனைக் கழித்து வரும் எண்ணால் வகுக்க வேண்டும். கருவி 40 மி.கி. காட்டுகிறது, ஆக்சிஜன் 11 சதவீதம் என்றால் உண்மையான அளவு 60. திருத்தாமல் அனுப்பினால் ஆலை வரம்புக்குள், திருத்தினால் வெளியே. பாய்லரை மூட்டும்போதும் அணைக்கும்போதும் ஆக்சிஜன் 20ஐ நெருங்கலாம், அப்போது இதே சூத்திரம் அபத்தமான பெரிய எண்களைக் கக்கும். ஆகவே ஆக்சிஜன் அளவும், ஆலை ஓடுகிறதா நிற்கிறதா என்ற குறியும் தனித்தனியாக சர்வருக்கு வர வேண்டும். திருத்தத்தை ஆலையின் கணினி செய்யக் கூடாது, வாரியத்தின் சர்வர் செய்ய வேண்டும்.

அடுத்தது வெப்பநிலை. இந்தியாவில் நார்மல் என்றால் 25 டிகிரி செல்சியஸ். இறக்குமதியாகும் அனலைசர் (மாசை அளக்கும் கருவி) பலவற்றில் அது 0 டிகிரி என்று முன்பே பதிந்திருக்கும். மாற்ற மறந்தால் 9 சதவீதம் கூடுதலாகக் காட்டும் (ஆலைக்கே பாதகம் என்பதால் இதை யாராவது சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்). நைட்ரஜன் ஆக்சைடில் நடப்பது இதற்கு நேரெதிர். கருவி நைட்ரிக் ஆக்சைடை பிபிஎம் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு) கணக்கில் அளக்கிறது, விதியோ நைட்ரஜன் டை ஆக்சைடாகச் சொல்லக் கேட்கிறது. மி.கி.யாக மாற்ற 1.88 ஆல் பெருக்க வேண்டிய இடத்தில் நைட்ரிக் ஆக்சைடுக்கான 1.23 ஆல் பெருக்கினால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போகும். இது யார் கண்ணிலும் படாமல் வருடக்கணக்கில் ஓடும். ஈரப்பதமும் அப்படித்தான். புகைபோக்கிக்குள்ளேயே அளக்கும் கருவி ஈரப்புகையை அளக்கிறது, வரம்பு உலர்ந்த புகைக்கு. 12 சதவீத ஈரம் இருந்தால் 44 என்பது உண்மையில் 50.

தூசி அளக்கும் கருவி தூசியை எடை போடுவதில்லை. ஒளி எவ்வளவு மறைகிறது, எவ்வளவு சிதறுகிறது என்று பார்த்து எடையை ஊகிக்கிறது. நிலக்கரி மாறினாலும் தூசியின் துகள் அளவு மாறினாலும் அந்த ஊகம் தப்பும். புகையை நீர் தெளித்துக் கழுவும் ஸ்க்ரப்பருக்குப் பின்னால் ஒளி மறைப்புக் கருவி வைத்தால் நீர்த்துளியும் தூசியாகிவிடும். அதனால் வெவ்வேறு லோடுகளில் (ஆலை ஓடும் அளவுகளில்) புகையை ஃபில்டர் தாளில் பிடித்து எடை போட்டு, கருவியோடு ஒப்பிட்டு ஒரு பெருக்கு எண் கண்டுபிடிக்கிறார்கள். அதன் பெயர் டஸ்ட் ஃபேக்டர். அனலைசரின் மெனுவில் இரண்டு பட்டன் தட்டி 1.0 ஐ 0.6 ஆக்கினால் ஊர் முழுக்கத் தூசி 40 சதவீதம் குறைந்துவிடும், ஒரு ரூபாய் செலவில்லாமல்! இந்த ஃபேக்டர் ஒவ்வொரு பதிவோடும் சர்வருக்கு வந்தாக வேண்டும். மாறினால் எப்போது, எந்தச் சோதனையின் பேரில் என்பதும் பதிவாக வேண்டும்.

பிறகு ஒயர். கருவியிலிருந்து ஒயர் வழியே வரும் 4 முதல் 20 மில்லி ஆம்ப் சிக்னலில் 4 என்றால் பூஜ்யம், 20 என்றால் உச்சம். ஒயர் அறுந்தால் சிக்னல் 0. உச்சம் 200 மி.கி. என்று வைத்திருந்தால் லாகர் (சிக்னலைப் பதிவு செய்யும் பெட்டி) அதை மைனஸ் 50 என்று படிக்கும். சில மென்பொருள்கள் மைனஸ் எண்ணைப் பூஜ்யமாக்கி அனுப்பும். ஆக, ஒயர் அறுந்த ஆலைதான் மாவட்டத்திலேயே சுத்தமான ஆலை. உச்சத்தை 100 என்று வைத்துவிட்டால் அதற்கு மேல் என்ன புகைந்தாலும் 100லேயே நிற்கும். ஒரே எண் மணிக்கணக்காக அசையாமல் நின்றால் சர்வரே சந்தேகக் குறி போட வேண்டும். அதற்குப் பத்து வரி நிரல் போதும்.

தரவு வராத நேரத்தை என்ன செய்வது? காலியாக விட்டால், அதிகம் புகையும் இரவில் கருவிக்கு அடிக்கடி உடம்பு சரியில்லாமல் போகும். அமெரிக்காவின் மின் நிலைய விதி இதற்கு நல்ல மருந்து வைத்திருக்கிறது. கருவி 95 சதவீதத்துக்கு மேல் இயங்கியிருந்தால் சிறு இடைவெளிகளை முன்பின் சராசரியால் நிரப்புகிறார்கள். இயக்கம் குறையக் குறைய நிரப்பும் எண் உயரும். 80 சதவீதத்துக்குக் கீழே போனால் சாத்தியமான உச்ச அளவையே எழுதிவிடுகிறார்கள். ரிப்பேர் செய்வதே லாபம் என்றாகிவிடுகிறது.

சரிபார்ப்பவருக்குப் பணம் கொடுப்பது யார் என்பதும் தரவின் தரம்தான். குஜராத்தில் ஆலையே ஆடிட்டரைத் தேர்ந்தெடுத்துச் சம்பளம் கொடுத்த முறையில், 7 சதவீத ஆலைகளே தூசி வரம்பை மீறுவதாக அறிக்கைகள் கூறின. தனியாக மறு அளவீடு செய்தபோது 59 சதவீதம். அறிக்கை எண்கள் 150 மி.கி. வரம்புக்குச் சற்றுக் கீழே குவிந்து கிடந்தன. ஆடிட்டரைக் குலுக்கல் முறையில் ஒதுக்கி, பொது நிதியிலிருந்து சம்பளம் கொடுத்து, சில அளவீடுகளை மறுபடி எடுத்துப் பார்த்ததும் பொய் அறிக்கைகள் பெருமளவு சரிந்தன. ஆலைகள் புகையையும் குறைத்தன. 2013இல் வெளியான இந்த ஆய்வைப் படிக்காமல் ஆடிட் விதி எழுதக் கூடாது.

பதிவேடு விஷயம் சலிப்பானது, ஆனால் அங்கேதான் நிறைய வீணாகிறது. ஒரே ஆலை கன்சென்ட்டில் (வாரியம் தரும் அனுமதியில்) ஒரு பெயரிலும் சர்வரில் இன்னொரு பெயரிலும் இருக்கும். ஆலைக்கு அல்ல, ஒவ்வொரு புகைபோக்கிக்கும் மாறாத ஓர் எண் வேண்டும். அதன் கீழ் உயரம், விட்டம், எரிபொருள், கருவியின் சீரியல் எண், வரம்பு, அந்த வரம்பு எந்தத் தேதி முதல் என்பதெல்லாம் வர வேண்டும். வரம்பு மாறும்போது பழையதை அழித்து எழுதினால், மூன்று வருடம் முந்தைய மீறலை யாராலும் நிரூபிக்க முடியாது.

கடைசியாக, கருவியே தேவைப்படாத ஒரு சோதனை. நிலக்கரியில் 0.5 சதவீதம் கந்தகம் என்றால் ஒரு டன்னுக்கு 5 கிலோ கந்தகம், எரிந்தால் ஏறக்குறைய 10 கிலோ கந்தக டை ஆக்சைடு. நம் ஊர் நிலக்கரி கிலோவுக்குச் சுமார் 6, 7 கன மீட்டர் புகை தரும். அப்படியானால் செறிவு ஆயிரம் மி.கி.யைத் தாண்டியாக வேண்டும். கந்தகம் நீக்கும் அமைப்பே இல்லாத ஆலையிலிருந்து 200 என்று வந்துகொண்டிருந்தால், நிலக்கரி வாங்கிய பில்லையும் லேப் ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்கிவிட்டு அனலைசரைத் திறந்து பார்க்கலாம்.