கணவாய்க் காற்றும் நூற்பாலைகளும்

தமிழ்நாட்டில் காற்றாலைகள் பெருகியது ஏன் என்று கேட்டால், வரிச்சலுகை என்றே பெரும்பாலும் பதில் வருகிறது. 1990களில் காற்றாலையின் முழு விலையையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாக, வரிக்குரிய வருமானத்திலிருந்து கழித்துக்கொள்ள மத்திய அரசு அனுமதித்தது உண்மைதான். ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான அந்தச் சலுகையை மற்ற மாநிலங்களை முந்திக்கொண்டு தமிழ்நாடு எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு, மேற்குத் தொடர்ச்சி மலையின் அமைப்பைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு, மலைத்தொடர் இடைவிட்ட இடங்களில் நெருக்குண்டு, வேகம் கூடிக் கிழக்கே பாய்கிறது. பாலக்காடு, கம்பம், செங்கோட்டை, ஆரல்வாய்மொழி ஆகிய கணவாய்களுக்குக் கிழக்கேதான் உடுமலை, தேனி, கயத்தாறு, முப்பந்தல் பகுதிகளின் காற்றாலைகள் நிற்கின்றன.

காற்று மட்டும் இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திராது. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவை வட்டாரத்தில் கரிசல் மண்ணில் பருத்தி விளைந்தது. நீலகிரிச் சரிவில் விழும் பைக்காரா ஆற்றிலிருந்து 1930களின் தொடக்கத்தில் நீர்மின்சாரம் வந்தது. அந்த மின்சாரத்தை நம்பி நூற்பாலைகள் பெருகின. பஞ்சுக்கு அடுத்தபடியாக மின்சாரத்துக்கே பெருஞ்செலவு செய்த அந்த ஆலைகளின் உரிமையாளர்கள்தான், பிற்காலத்தில் மின்கட்டணமும் மின்வெட்டும் நெருக்கியபோது, சொந்தமாகக் காற்றாலை வாங்கினார்கள். முப்பந்தலில் உற்பத்தியாகும் மின்சாரத்தை மின்வாரியத்தின் கம்பிகள் வழியாகக் கோவையில் கணக்கிட்டுப் பெறவும், ஆடி மாதத்தில் மிஞ்சியதை வாரியத்திடம் வரவு வைத்துப் பின்னர் எடுத்துக்கொள்ளவும் வழி இருந்தது. சுற்றுச்சூழல் அக்கறையைவிடச் செலவுக் கணக்கே அவர்களை இழுத்தது என்பதால் இந்த மாற்றத்தின் மதிப்பு குறைந்துவிடாது. ஓரிடத்தின் தேவையும் அவ்விடத்தின் இயற்கையும் பொருந்தி வந்த அரிய நிகழ்வாகவே இதைக் காண்கிறேன்.

அதே நிலவியல் இன்று முட்டுக்கட்டையாகவும் நிற்கிறது. காற்று மிகுந்த இடங்களை முதலில் பிடித்தவை 225, 250 கிலோவாட் அளவிலான பழைய இயந்திரங்கள். இன்றைய ஒரு காற்றாலை 2,000 கிலோவாட்டுக்கும் மேல் தரும். உயரமான புதிய கோபுரங்களுக்கு அதிக இடைவெளி தேவை. ஆனால் நிலமோ சிறு துண்டுகளாகப் பல உரிமையாளர்களிடம் பிரிந்து கிடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை காற்று ஓங்கி வீசும்போது, தெற்கிலிருந்து மின்சாரத்தைக் கொண்டுபோகக் கம்பிகள் போதாமல் காற்றாலைகளை நிறுத்தச் சொன்ன பருவங்களும் உண்டு. இதற்கான விடைகளும் இடத்தைச் சார்ந்தே வருகின்றன: வெயில் காயும் இராமநாதபுரத்தின் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எழுந்தது, நீலகிரியின் உயரத்தைப் பயன்படுத்தி, மிஞ்சும் மின்சாரத்தால் தண்ணீரை மேலேற்றிச் சேமித்து, தேவைப்படும்போது இறக்கி மின்சாரமாக்கும் 500 மெகாவாட் திட்டம் குந்தாவில் வகுக்கப்பட்டது.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. காற்றாலையின் பலன் தொலைவிலுள்ள ஆலைக்குப் போகிறது. கணவாயோரத்தில் நிலத்தை ஒருமுறை விற்றவருக்கு அதன்பின் அந்தக் காற்றில் பங்கில்லை. பழைய இயந்திரங்களை மாற்றும்போது, நிலத்தை விலைக்கு வாங்காமல் குத்தகைக்கு எடுத்து, உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு பங்கை நில உரிமையாளருக்கும், இன்னொன்றை அந்த ஊராட்சிக்கும் தரும்படி விதிகளை அமைக்க வேண்டும்.