தொண்டை லேசா கரகரங்குது

"டாக்டர்கிட்ட மட்டும் சொல்லிப்போடாதீங்க சிஸ்டர், ரெண்டு நாளா தொண்டை லேசா கரகரங்குது, வேற ஒண்ணுமில்ல, காய்ச்சல் எல்லாம் இல்லீங்க."

அந்தக்கா சொன்னது இவ்வளவுதான். 2022 ஜனவரி, பொங்கல் முடிஞ்ச வாரம். நான் அவங்க கைல பிபி கஃப் சுத்திக்கிட்டு இருந்தேன், மருந்து இன்னும் கலக்கல, பார்மசிக்கு மருந்து கேட்டு எழுதற சீட்டு, இண்டெண்ட் கூட போகல. "சரிங்க்கா, இருங்க, வர்றேன்"னு சொல்லிட்டு வெளிய வந்தேன். அந்த "சரி"தான் இன்னைக்கு வரைக்கும் உறுத்துது. சொல்லமாட்டேன்னு நான் ஒத்துக்கிட்டதாத்தான் அவங்க எடுத்துக்கிட்டாங்க. அப்படி நினைச்சுத்தான் சொன்னேனா, இல்ல எல்லாருக்கும் சொல்ற மாதிரி வாயில வந்துருச்சான்னு யோசிச்சு யோசிச்சுப் பாத்துட்டேன், பிடிபடல.

வெளிய வந்து நேரா டாக்டர் ரூமுக்குப் போயி சொல்லிட்டேன். நடுவுல ஒரு நிமிஷம் கூட நிக்கல.

ஏன் மறைக்கச் சொன்னாங்கன்னு எனக்கு நல்லாவே தெரியும். அவங்களுக்கு மூட்டுவாதம், அதுக்கு நரம்பு வழியா ஏத்தற ரிட்டக்ஸிமாப்ங்கற மருந்த மொதல்ல போட்டது 2021 பிப்ரவரி, பதினஞ்சு நாள் இடைவெளில ரெண்டு தடவை. அதுக்கப்புறம்தான் அந்தக்கா கைய நீட்டி மடக்க முடிஞ்சுது. திருப்பூர்ல பனியன் கம்பெனில செக்கிங் வேலை, விரல் மடங்கலைன்னா அந்த வேலைல உக்கார முடியாது. ஆகஸ்ட்ல அடுத்த கோர்ஸ் வரணும். ஆனா மே மாசம் டெல்டா கொரோனா வந்து ஒன்பது நாள் ஆக்ஸிஜன்ல படுத்திருந்தாங்க, அதனால தடுப்பூசி ரெண்டாவது டோஸ் மூணு மாசம் தள்ளிப்போச்சு, அதப் போட்டப்புறம் ஒரு மாசம் விட்டுத்தான் மருந்துன்னாங்க, அப்புறம் தீபாவளி, அப்புறம் பணம் பத்தல, இப்படியே ஜனவரி ஆயிருச்சு. நகைய வச்சுட்டு வந்திருந்தாங்க. கிட்டத்தட்ட ஒரு வருஷம் கழிச்சு அந்தச் சேர்ல வந்து உக்காந்தவங்க, தொண்டைக் கரகரப்புக்காக எந்திரிச்சுப் போகச் சொன்னா யாருக்குத்தான் மனசு வரும்?

ஆனா அன்னைக்கு மருந்து ஏத்தற அந்த ரூம்ல அஞ்சு சேர். எதிர்ச் சேர்ல லூபஸ் இருக்கற ஒரு சின்னப் பொண்ணு, எதிர்ப்புச் சக்தியே சொந்த உடம்பத் தாக்கற வியாதி அது, கிட்னில இறங்கிருச்சுன்னு எதிர்ப்புச் சக்தியக் குறைக்கற சைக்ளோபாஸ்பமைட் ஓடிக்கிட்டிருந்துச்சு. பக்கத்துல ஒரு தாத்தா, நுரையீரல் ஏற்கனவே பாதி கெட்டிதட்டிப் போனவரு. இவங்க எல்லாரையும் விட்டுட்டு ஒருத்தங்க ரகசியத்த மட்டும் எப்படிக் காப்பாத்தறது? அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கிறேன். இன்னொண்ணும் இருக்கு, அந்தக்காவுக்கே அது ஆபத்து. ரிட்டக்ஸிமாப் ரத்தத்துல இருக்கற பி செல்லுங்கற எதிர்ப்புச் செல்லக் காலி பண்ணும், கிருமிய எதிர்க்கற ஆன்டிபாடி செய்யற செல்லுங்க அதுலருந்துதான் உருவாகணும். கிருமி உள்ள இருக்கறப்ப அந்த மருந்த ஏத்துனா, சிலருக்கு வாரக்கணக்குல வைரஸ் உடம்ப விட்டே போகாது, போன தொற்றா புதுத் தொற்றான்னு பிரிச்சுப் பாக்கறதே கஷ்டமாயிரும். 2020 மார்ச்ல உலகம் பூரா மூட்டுவாத (ருமட்டாலஜி) டாக்டருங்க சேந்து ஆரம்பிச்ச பதிவேட்டுலயே ரிட்டக்ஸிமாப் போட்டவங்களுக்குத்தான் கொரோனா மோசமாப் போச்சுன்னு வந்துச்சு. இதெல்லாம் தெரிஞ்சு வச்சுக்கிட்டு நான் சும்மா இருந்திருக்க முடியாது.

இதெல்லாம் உண்மைதான். ஆனா டாக்டர் ரூமுக்கு நடந்தப்ப இதெல்லாம் யோசிச்சேனான்னு கேட்டா இல்ல. மருந்து ஏத்தறதுக்கு முன்னாடி சளி, இருமல், தொண்டை வலி இருக்கான்னு ஃபார்ம்ல கேள்வி இருக்கு, கீழ என் கையெழுத்து இருக்கு, அந்தப் பயம்தான் கால நடத்துச்சுன்னு தோணுது. அந்தக்காகிட்டயே மொதல்ல "அக்கா, இத நான் சொல்லியாகணும், ஏன்னா இப்படி"ன்னு ரெண்டு வார்த்த பேசிட்டுப் போயிருக்கலாம். அதுக்கு அஞ்சு நிமிஷம் கூட ஆகியிருக்காது.

கொரோனா ஸ்வாப் டெஸ்ட் எடுத்தாங்க, பாசிட்டிவ். 2020 செப்டம்பர்ல ஒண்ணு, 2021 மே மாசம் ஒண்ணு, இது மூணாவது. ரெண்டு பாசிட்டிவுக்கு நடுவுல 102 நாளாவது இருந்து, இடைல ஒரு நெகட்டிவும் வந்திருந்தா மறுதொற்றுன்னு மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சி அமைப்பு ஐசிஎம்ஆர் சொல்லியிருந்துச்சு, அந்தக் கணக்குல எந்தச் சந்தேகமும் இல்ல. டாக்டர் ரொம்பப் பொறுமையாத்தான் சொன்னாரு, நாலு வாரம் கழிச்சு வாங்கம்மான்னு. அந்தக்கா அவர்கிட்ட ஒண்ணும் பேசல. பைய எடுத்துக்கிட்டு என்னைத் தாண்டிப் போறப்ப நின்னு, "உங்கள நம்பித்தானே சொன்னேன்"னாங்க. கோவமாச் சொல்லியிருந்தா தாங்கியிருப்பேன். சாதாரணமாச் சொன்னாங்க.

அந்த ரூம்ல வேற யாருக்கும் காய்ச்சல் வரல. நல்ல விஷயம்தான், நான் சந்தோஷப்பட்டேன். ஆனா யாருக்காவது வந்திருந்தா "பாத்தியா, சொன்னது சரிதான்"னு நிம்மதியா இருந்திருப்பேனோன்னு ஒரு நெனப்பு வந்துச்சு பாருங்க, அத இன்னும் யார்கிட்டயும் சொன்னதில்ல.

அந்த நாலு வாரத்துல என்ன ஆச்சுன்னா, மணிக்கட்டு ரெண்டும் வீங்கிப்போச்சு, 5 மில்லிகிராம்ல இருந்த ஸ்டீராய்ட 15 ஆக்க வேண்டியதாயிருச்சு. பத்துக்கு மேல ஸ்டீராய்டு எடுக்கறவங்களுக்கு கொரோனா வந்தா ஆஸ்பத்திரி வரைக்கும் போற வாய்ப்பு அதிகம்னு அதே பதிவேடு சொல்லுது. மூட்டுவாதம் கட்டுக்குள்ள இல்லாம இருக்கறதே ஒரு ஆபத்துதான். அப்ப மருந்து போட்டாலும் ஆபத்து, போடாட்டியும் ஆபத்து. மூட்டுவாதத்துக்குக் குடுக்கற இன்னொரு மருந்து மெத்தோட்ரெக்ஸேட்லயும் இதே பாடுதான், தடுப்பூசிக்கப்புறம் ரெண்டு வாரம் நிறுத்துனா ஆன்டிபாடி நல்லா ஏறுது, ஆனா நிறையப் பேருக்கு வலி திரும்ப வந்துருது, கொச்சிலயும் இங்கிலாந்துலயும் செஞ்ச ஆய்வு ரெண்டுலயும் அதைப் பாத்தாங்க. எதைத் தேர்ந்தெடுத்தாலும் வலியத் தாங்கப்போறது அவங்க. அந்த இடைவெளில செக்கிங் டேபிள்ல அவங்க இடத்துக்கு வேற ஆள் வந்தாச்சு.

எனக்கு இன்னொரு ஆத்தாமையும் உண்டு. அதே ஜனவரி 10ஆம் தேதிதான் கொரோனா தடுப்பூசில மூணாவதா போடற முன்னெச்சரிக்கை டோஸ் ஆரம்பிச்சாங்க. நான் சுகாதாரப் பணியாளர், எனக்கு ஒரு வியாதியும் கிடையாது, அந்த வாரமே போட்டுக்கிட்டேன். அந்தக்காவுக்கு வயசு 47, எதிர்ப்புச் சக்தியே இல்ல, அவங்களுக்குக் கிடையாது. 60 வயசுக்கு மேல வேற நோய் இருந்தாத்தான். 18க்கு மேல எல்லாருக்கும்னு திறந்தது ஏப்ரல் 10, அதுவும் பிரைவேட்ல காசு கட்டி. ஜூலைல இலவசமாக்குனாங்க. எதிர்ப்புச் சக்தி குறைஞ்சு இருக்கறவங்களுக்கு மூணாவது டோஸ் வேணும்னு அமெரிக்கால 2021 ஆகஸ்ட்லயே அனுமதிச்சுட்டாங்க. தொண்டை கரகரத்தத மறைக்கப் பாத்தாங்கன்னு அவங்கள மட்டும் குத்தம் சொல்றதுக்கு என்னால முடியல.

பிப்ரவரி கடைசில வந்து மருந்து போட்டுக்கிட்டாங்க, அன்னைக்கு நான் லீவு. அடுத்த கோர்ஸுக்கு 2022 செப்டம்பர்ல வந்தப்ப நான்தான் டூட்டி. கேள்வி கேட்டேன். சளி? இல்லீங்க. இருமல்? இல்லீங்க. தொண்டை? "ஒண்ணுமே இல்லீங்க சிஸ்டர்." முன்னெல்லாம் கேட்டது ஒண்ணுன்னா பத்து சொல்லுவாங்க, மருமக சண்டை வரைக்கும் வரும். இப்ப ஒத்தை வார்த்தைல பதில். பசங்கள கேட்டேன், நல்லாருக்காங்கன்னாங்க.

வெளிய உக்காந்திருந்த மகதான் பேச்சுவாக்குல சொல்லுச்சு, ஆடிப் பதினெட்டுக்கு முன்னாடி வீட்டுல எல்லாருக்கும் காய்ச்சல், அம்மாவுக்கு பத்து நாள் வாசனையே தெரியல, டெஸ்ட் எடுக்கல, எடுத்தா ஊசி தள்ளிப்போயிரும்னு அம்மா வேண்டாம்னுட்டாங்கன்னு. அப்ப அது நாலாவது. கேஸ் ஷீட்ல மூணுன்னுதான் இருக்கு.

கேக்கற கேள்விக்கெல்லாம் பதில் வாங்கி வச்சு என்ன பிரயோஜனம், உண்மையச் சொல்ற ஒரு வாய நான்தானே அடைச்சேன். இல்ல, அப்படியும் முழுசாச் சொல்லிர முடியாது, அந்த லூபஸ் பொண்ணு இப்பவும் மாசாமாசம் வந்துக்கிட்டுத்தான் இருக்கா, மறுபடி அதே நாள் வந்தாலும் நான் போயி சொல்லத்தான் செய்வேன். இப்படிச் சொல்றேனே ஒழிய, செப்டம்பர்ல நான் செஞ்சது வேற.

திரும்ப உள்ள வந்து அவங்க பக்கத்துல உக்காந்து, "அக்கா, ஆடில காய்ச்சல் வந்துச்சாமே"ன்னு மெதுவாக் கேட்டேன். என் மூஞ்சியவே பாத்தாங்க. "அது மழைச்சளிங்க"ன்னாங்க. வாசனை போனதப் பத்திக் கேக்கல. ஆடிப் பதினெட்டுலருந்து விரல் விட்டு எண்ணுனேன், நாலு வாரம் தாண்டியிருந்துச்சு. டெம்பரேச்சர் நார்மல், ஆக்ஸிஜன் 98. டாக்டர்கிட்டப் போகல. ஃபார்ம்ல "இல்லை"ன்னு டிக் பண்ணிட்டு நரம்புல ஏத்தற ஊசி, வென்ஃப்ளான் எடுத்தேன். வலது மணிக்கட்டு இன்னும் கொஞ்சம் வீங்கித்தான் இருந்துச்சு, நரம்பு கிடைக்கல. இடது கைய அவங்களே நீட்டுனாங்க.