அம்மம்மாவின் அந்தோனியார்

அம்மம்மா விட்டுப்போன அந்தோனியார் சுரூபம் ஒரு சாண் உயரம்தான். பிளாஸ்டர். இரண்டு வீடு மாறியதில் லீலி மலர் ஒடிந்து, அங்கியில் நிறம் செதில் செதிலாகக் கழன்றுவிட்டது. இந்தத் தவக்காலத்தில் இறைச்சியை விடுவதோடு இதற்கும் நிறம் பூசி முடிப்பதென்று நேர்ந்துகொண்டேன். சித்திரம் எனக்குத் தொழிலில்லை. பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி.

இரவுச் சாப்பாடு முடிந்து, ஒரு கர்த்தர் கற்பித்த செபம் சொல்லிவிட்டுத்தான் பிரஷைத் தொடுவேன். செபமாலை சொல்லும்போது நாலாம் மணியிலேயே மீன்கடைக்கும் கரண்ட் பில்லுக்கும் ஓடுகிற மனசு, இடுப்புக் கயிற்றின் மூன்று முடிச்சுக்கு வெள்ளை வைக்கும்போது எங்கும் போகவில்லை. வறுமை, கற்பு, கீழ்ப்படிதல் என்று பிரான்சிஸ்கன் சபையாரின் மூன்று வாக்குறுதிகள் அவை. மூன்றாவதில் கை வழுக்கியது. எனக்கும் அதற்கும் எப்போதும் தூரம்தான்.

அந்தோனியார் வாழ்ந்த காலத்தில், அவர் சேர்ந்திருந்த அந்தச் சபையின் அங்கி சாம்பல் நிறமாம்; பிரவுன் பிறகு வந்தது. எங்கள் அம்மம்மா கும்பிட்டது பிரவுன் அந்தோனியாரை. பிரவுனே பூசினேன்.

முகம்தான் சோதித்தது. மூன்று இரவு மெனக்கெட்டுக் கண் எழுதினேன். தங்கச்சி எட்டிப்பார்த்துவிட்டு, "அக்கா, இவர் புதுப்பட ஹீரோ மாதிரி இருக்கிறார்" என்றாள். துடைத்துவிட்டேன்.

சரி, அவரையே போய்ப் பார்ப்போமென்று ஒரு செவ்வாய்க்கிழமை வெள்ளவத்தையில் பஸ் ஏறினேன். கோட்டையில் இறங்கி, கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோவிலுக்குத் த்ரீவீல். 1231இல் இத்தாலியின் பதுவை நகரில் அவரை அடக்கம் செய்தது ஒரு செவ்வாயில். அதனால்தான் நவநாளும் கூட்டமும் அன்றைக்கு. சின்ன வயதிலிருந்து வருகிறேன். பரீட்சை, வேலை, அப்பாவின் ஆபரேஷன் என்று எப்போதும் கேட்கத்தான் வந்திருக்கிறேன். பார்க்க வந்தது இதுதான் முதல்தரம்.

பீடத்திலுள்ள சுரூபம் 1822இல் கோவாவிலிருந்து வந்தது. நான் நின்ற இடத்திலிருந்து கண் தெரியவில்லை. அப்புறம் வாசல் பக்கக் கண்ணாடிப் பெட்டிக்கு வந்தேன். அவருடைய நாவின் சிறு துண்டு திருப்பண்டமாக இருப்பது அங்கேதான். ஆனால் கண்ணாடியெங்கும் கைகள். ஒன்று எடுத்தால் இன்னொன்று. எடுத்த இடத்தில் வியர்வையில் ஐந்து விரலும் பதிந்து மெல்ல மங்கும். மங்குமுன் அடுத்த கை.

எனக்கு முன்னால் குங்குமப் பொட்டோடு ஓர் அம்மா. பக்கத்தில், மடித்த கடதாசியைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்தபடி சிங்களப் பெடியன் ஒருவன். இருவருக்கும் இமை முழுதாக மூடவுமில்லை, திறக்கவுமில்லை. கீழே ஒரு மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தது. நெற்றியில் சுருக்கம்கூட இல்லை. வைத்த கண் வாங்காமல் அவர்களைப் பார்த்துக்கொண்டு நின்றது மரியாதையில்லைதான். அந்தோனியார் மன்னிப்பார்.

அன்றிரவு முழுக் கண் எழுதவில்லை. இமையைத் தாழ்த்தி, கையிலிருக்கும் குழந்தை இயேசுவின் பக்கம் ஒரே கோடு இழுத்தேன். தங்கச்சி ஒன்றும் சொல்லவில்லை. அவள் பேசாமலிருப்பது பெரிய காரியம்.

வலது பாதத்துக்கு மட்டும் நிறம் வைக்கவில்லை. ஒவ்வொரு இரவும் அம்மம்மா தொட்டுத் தொட்டு, பெருவிரல் தேய்ந்து வழுவழுவென்றிருக்கிறது.

பெரிய வாரத்துக்கு முந்திய செவ்வாய், மந்திரிப்பதற்காகப் பழைய பேப்பரில் சுற்றி எடுத்துப்போனேன். 2019 உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்பில் அந்தக் கோவில் பட்டது யாருக்கும் மறக்காது. வாசலில் பையைத் திறந்து காட்டினேன். காவலுக்கு நின்றவர் பேப்பரைப் பிரித்தார். "பெயின்ட் காய்ந்துவிட்டதா?" என்று சிங்களத்தில் கேட்டார். ஆமென்றேன். பின்னால் வரிசை நிற்க, ஒற்றை விரலால் அந்தப் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி பேப்பரைச் சுற்றித் தந்தார்.