யார் யாரைத் தள்ளினார்கள்?

மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி டெஸ்க்கில் உதவி ஆசிரியராகப் பதினெட்டு வருடம் ஓடிவிட்டது. இத்தனை வருடத்தில் நான் அதிகமாக எழுதிய வினைச்சொல் எது என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன்: 'ஏற்பட்டது'. தள்ளுமுள்ளு ஏற்பட்டது. பரபரப்பு ஏற்பட்டது. பதற்றம் ஏற்பட்டது. அதன் கூடப் பிறந்த சொற்களும் உண்டு. கலவரம் மூண்டது, வன்முறை வெடித்தது, பஸ் எரிந்தது, கூட்டம் கலைந்தது.

பள்ளிக்கூடத்தில் தன்வினை, பிறவினை என்று எல்லாரும் படித்திருப்போம். கலைந்தது என்றால் தானாகக் கலைந்தது. கலைத்தார்கள் என்றால் கலைத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும். பரீட்சையில் இரண்டு மார்க்குக்கு எழுதிய அந்த இலக்கணம், ரோட்டில் அடிவாங்கிய ஒருவனின் வாழ்க்கையில் எவ்வளவு பெரிய வேலை பார்க்கும் என்பது எனக்கு ரொம்பத் தாமதமாகத்தான் புரிந்தது. புரிய வைத்தவர் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் ஒருவர்.

சில வருடங்களுக்கு முன் நகரில் ஒரு சாலை மறியல். நாலு பத்தி செய்தி. 'லேசான தடியடிக்குப் பின் கூட்டம் கலைந்தது' என்று முடித்திருந்தேன். மறுநாள் மதியம் அவர் அலுவலகத்துக்கு வந்தார். பேப்பரை எட்டாக மடித்துச் சட்டைப்பையில் வைத்திருந்தார். வரவேற்பில் இருந்தவர்கள் என்னைக் கூப்பிட்டார்கள். அவர் கோபமாகப் பேசவில்லை. செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். காலேஜில் இரண்டாம் வருடம் படிக்கும் மகனுடைய முதுகு. தடி பட்ட இடம் நடுவில் வெளுத்திருக்க, அதன் இரண்டு ஓரத்திலும் ரயில் தண்டவாளம் மாதிரி ஊதாநிறத்தில் கன்றிப்போன இரண்டு கோடுகள். அந்த மாதிரி தோளிலிருந்து இடுப்பு வரைக்கும் மூன்று ஜோடி.

"லேசான தடியடின்னு போட்டிருக்கீங்களே தம்பி, நீங்க பாத்தீங்களா?"

"இல்லைங்கய்யா. நிருபர் சொன்னதுதான்."

"அவரு பாத்தாரா?"

நிருபர் போனபோது எல்லாம் முடிந்திருந்தது. அவருக்கு அதைச் சொன்னது ஸ்டேஷனில். அதை வந்தவரிடம் சொன்னேன். "அப்ப அடிச்சவங்க சொன்னதத்தான் போட்டிருக்கீங்க" என்றார். குற்றம் சாட்டுகிற குரலே இல்லை. கணக்குச் சரிபார்க்கிற மாதிரிச் சொல்லிவிட்டு, பேப்பரை மறுபடி எட்டாக மடித்துக்கொண்டு போய்விட்டார். 'லேசான' என்ற சொல்லை அதற்குப் பிறகு நான் எழுதியதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாது. யாரும் உட்கார்ந்து திட்டம் போட்டுப் பொய் எழுதுவதில்லை. ராமநாதபுரம் பக்கத்துக்கான வண்டி முதலில் கிளம்ப வேண்டும், அதனால் அந்தப் பக்கம் முதலில் முடிய வேண்டும். மறியல் செய்தவர்கள் அந்த நேரத்தில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்தில் அடைபட்டிருப்பார்கள், போன் கையில் இருக்காது. அடிபட்டவர்கள் ஆஸ்பத்திரி வரிசையில் இருப்பார்கள். கையில் இருப்பது போலீஸ் தரப்பு மட்டும்தான். அதைப் போட்டுவிட்டு, மற்றதை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைப்போம். நாளைக்கு வேறு செய்தி வந்துவிடும். முதல் நாள் எழுதியதே அந்தச் சம்பவத்தின் வரலாறாகத் தங்கிவிடும்.

2022 அக்டோபர் 2, ஞாயிற்றுக்கிழமை காலை. எனக்கு இணையப் பிரிவில் பணி. இந்தோனேசியாவின் மலாங் நகரில் முதல் நாள் இரவு கால்பந்துப் போட்டி முடிந்ததும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்துவிட்டதாக ஏஜென்சி செய்திகள் வந்துகொண்டிருந்தன. எண்ணிக்கை மாறிக்கொண்டே இருந்தது. அந்த நாட்டுப் போலீஸ் சொன்னதுதான் முதலில் வந்த விளக்கம்: சொந்த அணி தோற்றதால் ரசிகர்கள் ஆவேசமாக மைதானத்துக்குள் இறங்கினார்கள். நான் தலைப்பில் 'கால்பந்து ரசிகர்கள் வெறியாட்டம்' என்று போட்டேன். உள்ளே 'இரு அணி ரசிகர்கள் மோதிக்கொண்டதில்' என்று எழுதினேன். அப்படி எந்த ஏஜென்சியும் எழுதியிருக்கவில்லை. கால்பந்து, கூட்டம், சாவு மூன்றையும் ஒன்றாகப் பார்த்ததும் 'மோதல்' என்ற சொல் தானாகக் கைக்கு வந்துவிட்டது.

மத்தியானம் எங்கள் தெருவில் கால்பந்து விளையாடும் பையன் ஒருவன் வாட்ஸ்அப்பில் கேட்டான்: "அண்ணே, சுரபாயா ரசிகர்களை ஸ்டேடியத்துக்கே வரக்கூடாதுன்னு முன்னாடியே தடுத்துட்டாங்க. உள்ள இருந்தது பூரா ஒரே டீம் ஆளுங்க. யாரு கூட யாரு மோதினாங்க?"

அவன் சொன்னது சரி. மலாங்கின் அரேமா அணி 2-3 என்று சுரபாயாவின் பெர்செபாயா அணியிடம் தோற்றது, ரசிகர்களில் ஒரு பகுதியினர் மைதானத்துக்குள் இறங்கினார்கள், அதுவரை உண்மை. ஆனால் அதற்குப் பிறகு போலீஸ் கண்ணீர்ப்புகைக் குண்டுகளை வீசியது, ஜனங்கள் உட்கார்ந்திருந்த படிவரிசைகள் மீதும் சேர்த்து. மைதானங்களுக்குள் அந்தப் புகையைக் கொண்டுவரவே கூடாது என்பது ஃபிஃபாவின் விதி. மூச்சு முட்டி எல்லாரும் வாசலுக்கு ஓட, குறுகலான கதவுகளில் நெரிசல். கடைசியில் நின்ற எண்ணிக்கை 135. அதில் குழந்தைகள் நிறைய. கண்ணீர்ப்புகைதான் முக்கியக் காரணம் என்று அரசு அமைத்த விசாரணைக் குழுவே பிறகு சொன்னது. மகனைத் தோளில் தூக்கிக்கொண்டு மேட்ச் பார்க்கப் போன அப்பாக்களை நான் காலையில் வெறியர்கள் என்று எழுதியிருந்தேன். தலைப்பை மாற்றினேன். அதற்குள் பல மணி நேரம் அது ஊர் ஊராகப் போயிருந்தது.

அதற்கப்புறம்தான் ஹில்ஸ்பரோ மைதானத்தில் நடந்ததைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். 1989 ஏப்ரல் 15, இங்கிலாந்தின் ஷெஃபீல்டு. லிவர்பூல் ரசிகர்கள் நின்ற பகுதியில் நெரிசலில் மொத்தம் 97 பேர் இறந்தார்கள், கடைசி மனிதர் காயத்தின் விளைவாக 2021-ல். வெளிவாசலைத் திறக்க உத்தரவிட்டவர் காவல் அதிகாரி. ஆனால் ரசிகர்கள் அதை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள் என்று அன்றே சொல்லிவிட்டார். நாலு நாள் கழித்து 'தி சன்' பத்திரிகை, ரசிகர்கள் செத்தவர்களின் பையில் திருடினார்கள், காப்பாற்ற வந்த போலீசை அடித்தார்கள் என்றெல்லாம் முதல் பக்கத்தில் போட்டது. அதற்கு வைத்த தலைப்பு 'உண்மை'. போலீசாரின் வாக்குமூலங்களில் 116-ல் காவல்துறைக்குப் பாதகமான வரிகளை நீக்கியிருந்தார்கள் என்பது 2012-ல் வெளிவந்தது. ரசிகர்கள்மீது தப்பில்லை, இவை சட்டவிரோதமான மரணங்கள் என்று ஜூரி சொன்னது 2016-ல். 27 வருடம். அந்தப் பேப்பரை இன்றும் கையால் தொடாதவர்கள் லிவர்பூலில் ஏராளம்.

ஹில்ஸ்பரோவில் காவலுக்கு நின்ற அதே தெற்கு யார்க்‌ஷயர் போலீஸ்தான் 1984 ஜூன் 18-ல் ஆர்க்ரீவில் வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்கள்மீது குதிரையில் பாய்ந்தது. அன்று மாலை பிபிசி காட்டிய காட்சியில் தொழிலாளர்கள் முதலில் கல்லெறிகிறார்கள், பிறகு குதிரைகள் வருகின்றன. நடந்தது தலைகீழ். தவறுதலாக வரிசை மாறிவிட்டது என்று பிபிசி பின்னால் சொன்னது. எனக்கு இது கைப்பழக்கத்தில் தெரிந்த விஷயம். இரண்டு வாக்கியத்தை இடம் மாற்றினால் போதும், தற்காப்பு தாக்குதலாகிவிடும், தாக்குதல் தற்காப்பாகிவிடும். ஒரு வார்த்தைகூடப் பொய்யாக இருக்காது.

ஹில்ஸ்பரோ பொய்யை ஒரு நாடே ஏன் நம்பியது என்ற கேள்வியை விட்டுவிட முடியாது. நாலு வருடம் முன்னால், 1985-ல் பிரஸ்ஸல்ஸின் ஹெய்சல் மைதானத்தில் லிவர்பூல் ரசிகர்கள் எதிரணி ரசிகர்கள்மேல் பாய்ந்ததில் சுவர் இடிந்து 39 பேர் செத்திருந்தார்கள். பெரும்பாலும் யுவென்டஸ் ரசிகர்கள். அது நிஜமான ரௌடித்தனம். அதனால் அடுத்த முறை அதே ஊர்க்காரர்கள் செத்தபோது, குற்றவாளி யார் என்று யாரும் தேடவில்லை.

நம் ஊரிலும் கல் நிஜம்தான். பந்த் நாள் ஒன்றில் ஓட்டிக்கொண்டிருந்த பஸ்ஸின் முன்கண்ணாடியில் கல் விழுந்த டிரைவரை நான் அரசு ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன். முழங்கையில் சர்க்கரை தூவினாற்போல் கண்ணாடித் துகள். நர்ஸ் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தார். 'மர்ம நபர்கள் கல்வீச்சு' என்று எழுதினோம். கூட்டத்தில் பாதிப்பேருக்கு அவர்கள் யாரென்று தெரியும். அந்த டிரைவருக்கும் நாங்கள் நியாயம் செய்யவில்லை. போராட்டத்துக்கு வந்த ஆயிரம் பேரை ஒரே 'கும்பல்' ஆக்குவது எப்படித் தப்போ, கல்லெறிந்த பத்துப் பேரை ஆயிரம் பேருக்குள் ஒளித்து வைப்பதும் அதே தப்பு.

எழுவாய் வைத்து எழுத எங்களுக்குத் தெரியாமல் இல்லை. 2007 மே 9-ம் தேதி ஒரு கருத்துக்கணிப்பு வெளியானதற்காக மதுரையில் தினகரன் அலுவலகத்தைத் தாக்கிப் பெட்ரோல் குண்டு வீசினார்கள். ஊழியர்கள் மூன்று பேர் செத்தார்கள். அப்போது நான் வேலைக்குப் புதிது. வேறு பேப்பராக இருந்தாலும் எங்கள் டெஸ்க்கில் ஒருத்தருக்கும் அன்று சாப்பாடு இறங்கவில்லை. அன்று யாரும் 'வன்முறை வெடித்தது' என்று எழுதவில்லை. எந்த நேரத்துக்கு வந்தார்கள், எதை எறிந்தார்கள், எந்த அறையில் புகை நிறைந்தது, போலீஸ் எங்கே நின்றது, எல்லாம் கேட்டு எழுதினோம். கீழ்க்கோர்ட்டில் விடுதலையானவர்களில் ஒன்பது பேருக்கு 2019-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுள் தண்டனை கொடுத்தது. செத்தது நம் ஆட்கள் என்றால் பிறவினை தானாக வருகிறது. மூட்டை தூக்குபவரின் மகனுக்கு அது ஏன் வரவில்லை என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமுக்கத்தில் இரவு பகலாக உட்கார்ந்திருந்தார்களே, அந்த நாட்களில் எங்கள் போட்டோகிராபர்கள் எத்தனையோ படம் கொண்டுவந்தார்கள். குப்பை பொறுக்குகிற பெண்கள், பனியில் போர்வை பகிர்ந்து தூங்குகிறவர்கள். அவசரச் சட்டம் வந்து, முதல்வர் அலங்காநல்லூரில் வாடிவாசலைத் திறந்துவைக்க மதுரை வந்தும், நிரந்தரச் சட்டம் வேண்டும் என்று ஊர் மறுத்து அவர் திரும்பிப் போனது பெரிய செய்தி. ஜனவரி 23-ல் சென்னையில் போலீஸ் மெரினாவைக் காலி செய்தபோது நடந்த தீவைப்பு ஒரே நாள். மறுநாள் பக்கம் முழுக்க நெருப்பு. ஒரு வாரம் அமைதியாக இருந்தவர்கள் பெட்டிச் செய்திக்குப் போனார்கள். 'சமூக விரோதிகள் ஊடுருவல்' என்ற வாசகம் அன்றே அதிகாரிகள் வாயிலிருந்து வந்தது, நாங்களும் மேற்கோள் குறி இல்லாமல் போட்டோம். மறுவருடம் மே 22-ல் தூத்துக்குடியிலும் அதே வாசகம். துப்பாக்கிச் சூட்டில் மொத்தம் 13 பேர் செத்தார்கள். போலீஸ் வரம்பு மீறியது என்று சொன்ன அருணா ஜெகதீசன் ஆணைய அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது 2022 அக்டோபரில், நான் மலாங் ரசிகர்களை வெறியர்கள் என்று எழுதிய அதே மாதத்தில்.

இப்போது டெஸ்க்கில் புதிதாக வருகிறவர்களிடம் நான் கேட்பது இரண்டே கேள்வி. யார் செய்தது? உனக்கு யார் சொன்னது? இரண்டாவதற்குப் பதில் 'போலீஸ்' என்றால், 'போலீசார் தெரிவித்தனர்' என்பது வாக்கியத்தின் வாலில் இருக்கக் கூடாது, தலையில் இருக்க வேண்டும். நேரம் ஆகும். சண்டை வரும். லே-அவுட்டில் இருப்பவர்கள் என்மீது எரிச்சல்படுவது எனக்குத் தெரியும்.

போன வாரம் ராத்திரி எட்டரைக்குத் தேனிப் பக்கத்திலிருந்து பகுதிநேர நிருபர் கூப்பிட்டார். ஆக்கிரமிப்பு அகற்றம், தள்ளுமுள்ளு ஏற்பட்டது, மூன்று பேர் காயம், பரபரப்பு.

"யார் யாரைத் தள்ளினாங்க?"

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. "இருங்கண்ணே, திரும்பப் போய்க் கேட்டுட்டு வர்றேன்" என்றார். பக்கத்தை நிறுத்தி வைத்தேன். இருபது நிமிடத்தில் மூச்சிரைக்கக் கூப்பிட்டார்.

"இன்ஸ்பெக்டர் ஒண்ணு சொல்றாரு. பெட்டிக்கடைக்காரம்மா ஒண்ணு சொல்லுது, கையில கட்டுப் போட்டிருக்கு. ரெண்டையும் போடவாண்ணே?"

"ரெண்டையும் போடு. அந்தம்மா சொன்னது முதல்ல வரட்டும்" என்றேன்.