வளைகாப்புக்கு வீட்டில் செய்த இனிப்புகள்

வளைகாப்பு நடக்கும் வீட்டில் இனிப்பு மேசை ஒன்றைக் கண்டால், நடுவில் வளையல் அணிந்து அமர்ந்திருக்கும் பெண் இவற்றில் எதை அச்சமின்றி எடுத்து உண்ணலாம் என்ற கேள்விதான் எனக்கு முதலில் எழும். வெண்ணெய் ஐசிங் பூசிய அடுக்குக் கேக்கும், பச்சை முட்டையை அடித்துச் சேர்த்த மூஸும், சீனிப்பாகில் ஊறிய உருண்டைகளும் வந்தவர்களுக்கு விருந்தாகலாம்; யாருக்காக எல்லோரும் கூடியிருக்கிறார்களோ அவளுக்கு அவற்றில் பாதி விலக்காகிவிடுகிறது. அதனால் தங்கையின் வளைகாப்புக்கு இனிப்புகளை வீட்டிலேயே செய்யும் பொறுப்பை நானும் மச்சாளும் ஏற்றபோது, அவள் உண்ணக்கூடாத எதுவும் மேசையில் இருக்கக்கூடாது என்பதை முதல் விதியாக வைத்துக்கொண்டோம்.

இரண்டாவது விதியைத் திருகோணமலை வெயில் வகுத்தது. கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் இங்கே பகல் வெப்பம் 35 பாகை செல்சியஸை எட்டுவது புதிதல்ல. வெண்ணெயோ அதற்கு முன்பே உருகத் தொடங்கிவிடும். பந்தலுக்குள் மின்விசிறி சுழன்றாலும் வெண்ணெய் ஐசிங் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிப்பது கடினம். ஜெலட்டின் சேர்த்து உறையவைக்கும் இனிப்புகளுக்கும் அதே கதிதான். அத்துடன் ஜெலட்டின் விலங்கிலிருந்து எடுக்கப்படுவது என்பதால் சைவ உணவுக்காரர்களான பெரியவர்களும், கிண்ணியாவிலிருந்து வரும் முஸ்லிம் நண்பர்களும் அதைத் தவிர்ப்பார்கள். தமிழர், முஸ்லிம்கள், சிங்களவர் என மூன்று சமூகத்தவரும் ஒருவர் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஒருவர் போய்வரும் ஊரில், ஒரு சாராருக்கு மட்டும் உகந்த இனிப்பை நடுவில் வைப்பதற்கு எனக்கு மனம் வருவதில்லை.

இந்த இரண்டு விதிகளுக்கும் ஒருங்கே பொருந்துவது, அகர் அகர் என்றும் சொல்லப்படும் கடற்பாசி. நோன்புக் காலத்தில் முஸ்லிம் வீடுகளிலிருந்து தட்டில் வந்து எங்களுக்குப் பழகிப்போன இனிப்பு அது. கடற்பாசிக் கரைசல் 35 முதல் 40 பாகைக்குள் குளிரூட்டியின் உதவியின்றியே உறைந்துவிடும். உறைந்தபின் ஏறக்குறைய 85 பாகை வரை சூடேறினால்தான் மீண்டும் இளகும். ஆகவே எங்கள் வெயில் அதை ஒன்றும் செய்யாது. 1 லீற்றர் திரவத்துக்கு 10 கிராம் உலர்ந்த கடற்பாசி போதும். அதை முதலில் நீரில் ஊறவைத்து, பின் ஒரு நார்கூட மிஞ்சாமல் கரையும்வரை கொதிக்கவைக்க வேண்டும். சீனியை அதன் பிறகே சேர்க்க வேண்டும். பாலையோ தேங்காய்ப்பாலையோ இளஞ்சூடாக ஊற்ற வேண்டும். குளிர்ந்த பாலை ஊற்றினால் கடற்பாசி அந்த இடத்திலேயே திரைந்து கட்டியாகிவிடும். தேசிக்காய்ச் சாறு சேர்ப்பதானால் அடுப்பிலிருந்து இறக்கியபின் சேர்ப்பதே முறை, ஏனெனில் புளிப்புடன் சேர்த்துக் கொதித்தால் உறையும் தன்மை குறைந்துவிடும். அடுக்கடுக்காக ஊற்ற விரும்புபவர்கள், கீழடுக்கு உறைந்தும் மேற்பரப்பு விரலில் ஒட்டும் பதத்தில் இருக்கும்போதே அடுத்ததை ஊற்றிவிட வேண்டும். முழுவதும் ஆறியபின் ஊற்றினால் வெட்டும்போது அடுக்குகள் பிரிந்து வழுக்கும்.

நிறத்துக்கு நாங்கள் ரம்பை இலையையும் பீற்றூட் சாற்றையும் பயன்படுத்தினோம். பிறக்கப்போகும் பிள்ளை ஆணா பெண்ணா என்று நீலமும் ரோசாவும் காட்டி ஊகம் சொல்லும் வழக்கம் அண்மைக் காலத்தில் இங்கும் வந்திருக்கிறது; எனக்கு அதில் சிறிதும் உடன்பாடில்லை. எந்தப் பிள்ளை வந்தாலும் அதே மகிழ்ச்சிதான் என்பதை மேசையும் சொல்லட்டும் என்று பச்சையையும் இளஞ்சிவப்பையும் வெள்ளையையும் கலந்தே வெட்டி வைத்தோம்.

வட்டிலப்பம் இல்லாத விசேடத்தை எங்கள் வீட்டில் யாரும் ஒப்புக்கொள்ளமாட்டார்கள். 10 முட்டைக்கு 500 கிராம் கித்துள் கருப்பட்டியும் தேங்காயின் முதற்பால் 400 மில்லிலீற்றரும் என்பது எங்கள் அளவு; ஏலக்காயும் சிறிது சாதிக்காயும் வாசத்துக்கு. இதில் முட்டை இருப்பதால் நடுப்பகுதிவரை வெந்திருக்கிறதா என்று பார்ப்பது கர்ப்பிணிக்கு மிக முக்கியம். பெரிய பாத்திரத்தில் அவித்தால் ஓரம் வெந்தும் நடு இளகியும் நிற்கக்கூடும் என்பதால், 60 மில்லிலீற்றர் கொள்ளும் சிறு கிண்ணங்களில் ஊற்றி, மூடியிலிருந்து நீர்த்துளி விழாதபடி துணி கட்டி, மெல்லிய தீயில் 20 முதல் 25 நிமிடம் அவித்தோம். நடுவில் குத்திய ஈர்க்கு ஈரமின்றி வெளியே வந்தால்தான் இறக்கினோம்.

சிறு கிண்ணத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கர்ப்பகாலத்தில் வரும் நீரிழிவு தெற்காசியப் பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. 24 முதல் 28 வாரங்களுக்குள் குளுக்கோஸ் குடிக்கக் கொடுத்து இரத்தத்தைச் சோதிப்பது அதற்காகத்தான். வளைகாப்பு பெரும்பாலும் ஏழாம் அல்லது ஒன்பதாம் மாதத்தில் வருவதால், அதற்குள் அந்தப் பரிசோதனையின் முடிவு கைக்கு வந்திருக்கும். இனிப்பைத் திட்டமிடுபவர்கள் முதலில் கேட்டறிய வேண்டியது அதைத்தான். கருப்பட்டி சேர்த்தால் சீனி வருத்தம் உள்ளவர்களும் தாராளமாக உண்ணலாம் என்று எங்கள் ஊரில் பலரும் அன்போடு சொல்லித் தட்டை நீட்டுவார்கள். அது உண்மையல்ல. சுவையும் மணமும் வேறானாலும் கருப்பட்டியின் பெரும்பகுதி சீனிதான். அந்தச் சிறு கிண்ணம் ஒன்றிலேயே 20 கிராமுக்குச் சற்று மேல் கருப்பட்டி இருக்கிறது. தங்கைக்கு முடிவு நல்லபடியாக வந்திருந்தது. ஆயினும் அளவைச் சிறிதாகவே வைத்தோம், வந்திருந்த மாமிமார் பலருக்கும் அது உதவியது.

பயற்றம் உருண்டை முழுவதும் பெரியம்மாவின் பொறுப்பு. வறுத்த பயறின் மணம் வாசல்வரை வந்தபோதுதான் வீட்டுக்கு விசேடக் களை வந்ததாக எனக்குத் தோன்றியது. தேங்காய்ப்பூவை ஈரம் முற்றாக வற்றிப் பொன்னிறமாகும்வரை பொறுமையாக வறுப்பதில்தான் அதன் ஆயுள் இருக்கிறது; அரைகுறையாக வறுத்தால் சில நாட்களிலேயே சிக்கு வாடை வந்துவிடும். பயற்றம்மாவுடன் மிளகும் சீரகமும் ஏலமும் சேர்வதால் இனிப்பு திகட்டாது, சீனியைக் குறைத்தாலும் குறை தெரியாது. எள்ளுருண்டையும் சேர்ப்போமா என்று கேட்டபோது, “பிள்ளை, எள்ளு மட்டும் வேண்டாம்” என்று பெரியம்மா சொன்னார். அன்னாசியையும் பப்பாளியையும் அவர் கூடவே விலக்கினார். பப்பாளிக்காயின் பாலைப் பற்றி மருத்துவர்களும் எச்சரிப்பதுண்டு. பழுத்த அன்னாசியை உணவளவில் உண்பதால் தீங்கு என்று நான் நம்பவில்லை. ஆனால் ஒரு நாள் அவையின்றி மேசை நிறைவது எளிது, ஒரு மூத்தவரின் மனக்கலக்கத்தோடு விழாவை நடத்துவது கடினம். ஆகவே அவர் சொன்னபடியே செய்தோம்.

கேக் வேண்டும் என்று சிறுவர்கள் அடம்பிடித்ததால் மச்சாள் லவ் கேக் செய்தாள். ரவையும் கஜுவும் சேர்ந்த அந்தக் கேக்குக்கு ஐசிங் தேவையில்லை. முதல் நாளே செய்து வைத்தால் மறுநாள் இன்னும் சுவைக்கும்.

தங்கைக்கென்று தனியாக ஒரு சிறு தட்டும் வைத்தோம். கிளினிக்கில் கர்ப்பிணித் தாய்மாருக்கு இலவசமாகக் கொடுக்கும் திரிபோஷா மாவில் செய்த உருண்டைகள் அதில் இருந்தன. 1973 முதல் இந்த நாட்டுத் தாய்மார் கண்டுவரும் அந்தப் பக்கெற்றில் சோளமும் சோயாவும் உயிர்ச்சத்துகளும் இருக்கின்றன. மா ஏற்கெனவே பதப்படுத்தப்பட்டது என்பதால் வேகவைக்கத் தேவையில்லை. புதிதாகத் துருவிய தேங்காய்ப்பூவும் சிறிது கருப்பட்டித் தூளும் சேர்த்து உருட்டினால் போதும். தாய்க்கென்று தரப்பட்ட சத்துணவை வந்தவர்களுக்குப் பங்கிடுவது சரியல்ல என்பதால் அதை மேசையில் வைக்கவில்லை. இனிப்புகளோடு எல்லோருக்கும் தேநீர் கொடுத்தோம். அவளுக்கு மட்டும் தேசிக்காய்த் தண்ணீர். தேநீர் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும், தேசிக்காயின் உயிர்ச்சத்து சி அதைக் கூட்டும் என்று குடும்பநல உத்தியோகத்தர் முன்பே விளக்கியிருந்தார்.

கடைசியாக வாங்க வேண்டியது தயிர். கந்தளாய் வீதியோரம் அடுக்கியிருக்கும் எருமைத்தயிர் முட்டிகளைத் தெரியாதவர்கள் இப்பகுதியில் இல்லை. மண்முட்டி தயிரின் நீரை நுண்துளைகள் வழியே உறிஞ்சிக்கொள்வதால்தான் அது கரண்டியில் வெட்டி எடுக்கும் கட்டியாக நிற்கிறது. பாலை நன்றாகக் காய்ச்சித்தான் உறையூற்றினார்களா என்று கேட்டு, தெரிந்தவரிடம் அன்று காலையில் வாங்கினோம். வெயிலில் சில மணி நேரம் இருந்தாலே புளித்துவிடும் என்பதால் பரிமாறும்வரை குளிரூட்டியில் வைத்தோம். பாணி என்னும் இனிப்புப் பாகைத் தயிரில் கலக்காமல் தனிக் குவளையில் வைத்ததால் அவரவர் தேவைக்கு ஊற்றிக்கொண்டார்கள்.

விருந்தினர் கையில் கொடுத்தனுப்பப் பயற்றம் உருண்டையும் லவ் கேக்கும்தான் ஏற்றவை. கடற்பாசி வடிவம் கெடாவிட்டாலும் பால் சேர்ந்தது என்பதால் பிரயாணத்துக்கு ஆகாது, வட்டிலப்பமும் அப்படியே. மிஞ்சிய கிண்ணங்களை அயல்வீடுகளுக்கு அன்று மாலையே கொடுத்து முடித்தோம்.