கிராண்ட் பே (மொரீஷியஸ்) நாட்குறிப்பு: ஒழுகும் படகு ஜன்னல்கள்

ஜூன் 14, சனி

ராத்திரி நல்ல மழை. காலையில் படகில் ஏறிப் பார்த்தால் இடது பக்கத்து மெத்தை ஊறிக் கிடக்கிறது. மாமனாரின் பழைய ஃபைபர் பாய்மரப் படகு இது. "மேலாக ஒரு கோடு சிலிகான் இழுத்துவிடுங்க மாப்பிள்ளை, போதும்" என்கிறார். அப்படி இழுத்த கோடுகள்தான் ஜன்னலைச் சுற்றி அடுக்கடுக்காக ஏற்கெனவே இருக்கின்றன.

ஓஸ் குழாயைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நான் டார்ச்சோடு உள்ளே உட்கார்ந்தேன். முதலில் ஜன்னலின் கீழ் விளிம்பில் மட்டும் தண்ணீர், அப்புறம் மெல்ல மேலே. எடுத்தவுடன் மேலிருந்து அடித்தால் எல்லா இடமும் ஒழுகுவது மாதிரிதான் தெரியும். கீழ் மூலையில் சொட்டுகிறது, ஆனால் நுழைவது மேல்வரிசை ஸ்க்ரூ ஒன்றின் வழியாக. தண்ணீர் ஜன்னலுக்குப் பின்னாலேயே ஓடி வந்து வேறு இடத்தில் எட்டிப் பார்க்கிறது. வெளியே பூசிப் பயனில்லை. கழற்றி மாட்டத்தான் வேண்டும்.

ஜூன் 15, ஞாயிறு

கழற்றியாயிற்று. இரண்டு வகை ஜன்னல்கள். பக்கவாட்டில் பெரியவை இரண்டும் கறுப்புச் சாயம் ஏற்றிய அக்ரிலிக் பிளாஸ்டிக். சட்டம் கிடையாது, கேபின் சுவரிலேயே நேராக ஸ்க்ரூ போட்டிருக்கிறது. முன்பக்கத்துச் சின்னவை அலுமினியச் சட்டத்துக்குள் கண்ணாடி.

அக்ரிலிக்கில் ஒவ்வொரு ஓட்டையைச் சுற்றியும் மயிரிழை விரிசல்கள். ஓட்டையும் ஸ்க்ரூவும் ஒரே அளவு, அதுதான் காரணம். ஒரு மீட்டர் அக்ரிலிக், வெப்பம் 30 டிகிரி ஏறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும். கண்ணாடி அதே சூட்டில் ஏறக்குறைய கால் மில்லிமீட்டர்தான் நீளும். சுவர் நீள்வதும் அக்ரிலிக்கில் பாதிக்கும் குறைவுதான். மொரீஷியஸ் வெயிலில் கறுப்பு அக்ரிலிக் தொட முடியாத சூடாகும், மழை விழுந்ததும் சட்டென்று குளிரும். அசைய இடம் இல்லாவிட்டால் ஒன்று அக்ரிலிக் விரிசல் விடும், இல்லை சீலண்ட், அதாவது இடுக்கை அடைக்கும் பூச்சு, கிழியும். இங்கே இரண்டும் நடந்திருக்கிறது.

புது அக்ரிலிக் சொல்லியாயிற்று. பாலிகார்பனேட் என்கிற வேறு பிளாஸ்டிக் போடலாமே என்று மாமா கேட்டார். அது உடையாது, ஆனால் சுலபமாகக் கீறல் விழும், ரசாயனத்தையும் தாங்காது. வேண்டாம்.

ஜூன் 21, சனி

நாள் முழுக்கச் சுரண்டல். காய்ந்த சிலிகான் மேல் வேறு எந்த சீலண்டும் ஒட்டாது, புது சிலிகான்கூடச் சரியாகப் பிடிக்காது. பெரும்பகுதியைப் பிளேடால் எடுத்துவிட்டு மீதியை உப்புத்தாளில் தேய்த்தேன். சுத்தமாகிவிட்டதா என்று பார்க்கத் தண்ணீர் தெளித்தால் போதும். சிலிகான் மிச்சம் இருக்கிற இடத்தில் தண்ணீர் தாமரை இலைமேல் போலத் திரண்டு நிற்கும், சுத்தமான இடத்தில் படர்ந்து பரவும்.

ஒரு மூலையில் இரண்டு ஃபைபர் தோலுக்கும் நடுவே இருந்த பிளைவுட் ஈரத்தில் கறுத்துப் போயிருந்தது. அதைக் குடைந்தெடுத்துக் காயவிட்டிருக்கிறேன். எபாக்ஸி பிசின் நிரப்பிய பிறகுதான் மற்றது. மேலே பூசிப் பூசி வந்த இத்தனை காலமும் அந்தத் தண்ணீர் இங்கேதான் குடியிருந்திருக்கிறது.

ஜூன் 22, ஞாயிறு

டால் பூரி வாங்கப் போன மாமா கூடவே குளியலறை சிலிகான் ஒரு டியூப்பும் வாங்கி வந்தார். திறந்தால் வினிகர் வாடை. அது அசிட்டிக் வகை, காயும்போது அமிலம் விடும், அலுமினியத்தை அரிக்கும். அப்படியே திருப்பித் தரச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்கள். பக்கத்துப் படகுக்காரர் 3எம் 5200 தான் உலகத்திலேயே சிறந்தது என்கிறார். பாலியூரிதேன் அது, நல்ல பசைதான். அடுத்த முறை கழற்றும்போது ஜன்னலோடு ஃபைபரும் பிய்ந்து வரும். வெறும் அக்ரிலிக்கில் அதை ஒட்டினால், பிளாஸ்டிக் வழியாகவே வெயில் இறங்கி ஒட்டுப் பரப்பைக் கெடுக்கும். ஜன்னலுக்கென்றே உள்ள சிகாஃப்ளெக்ஸ் 295 யுவி-யும் பாலியூரிதேன்தான், ஆனால் அதற்குரிய பிரைமரோடு (முன்பூச்சு), வெயில் படாதபடி விளிம்பை மறைத்துப் போட வேண்டும். பாலிசல்ஃபைடு என்று இன்னொரு வகை சீலண்ட், தேக்குத் தளத்துக்கு அருமை. அக்ரிலிக்கையும் பாலிகார்பனேட்டையும் அது தின்னும்.

எது சிறந்தது என்று கேட்பதில் அர்த்தமே இல்லை. ஜன்னல் எதனால் ஆனது, எது அதைப் பிடித்து நிறுத்துகிறது, இவை இரண்டும் தெரிந்தால் டியூப் தானாக முடிவாகும். சட்டம் போட்ட கண்ணாடியை ஸ்க்ரூ இறுக்கிப் பிடிக்கிறது, அங்கே பசை வேண்டாம், அடைப்பு போதும்: பியூட்டைல் டேப், பிசுபிசுவென்று மெத்தென்ற ரப்பர் பட்டை. அது என்றைக்கும் இறுகாது, பிறகு கழற்றுவதும் சுலபம். சட்டமில்லாத அக்ரிலிக்குக்கு நீண்டு கொடுக்கிற, வெயில் தாங்குகிற, அமிலம் விடாத சிலிகான்: டவ்சில் 795, கறுப்பு. உயரக் கட்டடங்களுக்குக் கண்ணாடி பதிக்கிற சரக்கு. ஒரு குறை உண்டு, சிலிகான் பட்ட இடத்தில் நாளைக்கு பெயின்ட் நிற்காது. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி அந்த வேலையை ஒழுங்காகச் செய்தால் சமாளிக்கலாம்.

ஜூன் 28, சனி

சின்ன ஜன்னல்கள் முடிந்தன. அலுமினியத்துக்குள் போகும் ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூக்களுக்கு டியூராலாக் என்கிற அரிப்புத் தடுப்புக் களிம்பு தடவினேன். இல்லாவிட்டால் உப்புக்காற்றில் இரண்டும் சேர்ந்து அரித்துப் பிடித்துக்கொள்ளும். பியூட்டைலை ஒரேயடியாக இறுக்கக் கூடாது. கொஞ்சம் இறுக்கி, பிதுங்கவிட்டு, மறுநாள் மறுபடியும்.

ஜூன் 29, ஞாயிறு

பெரியவை. ஸ்க்ரூ 4 மில்லிமீட்டர், ஓட்டை 7. சுவரில் 3 மில்லிமீட்டர் கனத்துக்கு ஃபோம் டேப், அதற்கு வெளியே சிலிகான். இடைவெளி விடாமல் அழுத்தினால் சீலண்ட் முழுக்கப் பிதுங்கிப் போய் நீளுவதற்கு எதுவும் மிஞ்சாது. ஸ்க்ரூவைக் கையால் மட்டும், அதுவும் மெதுவாக. ஃபைபரை அசிட்டோனால் துடைக்கலாம், அக்ரிலிக் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது, சோப்புத் தண்ணீர் மட்டும். மாமா அசிட்டோன் துணியோடு வந்ததைப் பாதி வழியில் பிடுங்கினேன்.

இந்த சிலிகான் காற்றின் ஈரத்தில் வெளியிலிருந்து உள்ளே இறுகும். ஒன்றிரண்டு வாரம் தொடாமல் விட வேண்டும். மாமாவுக்குச் சனிக்கிழமையே மீன் பிடிக்கப் போக வேண்டுமாம்.

ஜூலை 13, ஞாயிறு

ஓஸ் போட்டுப் பார்த்தோம். பெரியவற்றில் ஒரு சொட்டு இல்லை. சின்னவற்றில் பியூட்டைல் இன்னும் கொஞ்சம் பிதுங்குகிறது, பிளாஸ்டிக் கத்தியால் நறுக்கிவிட்டேன். அடுத்த கோடையில் சூடேறும்போது இன்னும் வரும். முன்பக்கத்து ஹேட்ச்சின் (மேல்தளத் திறப்புக் கதவு) கீலில் மட்டும் ஈரம் தெரிகிறது. அங்கே ரப்பர் செத்துப்போயிருக்கிறது, சீலண்டுக்கு அங்கே வேலையில்லை. ரப்பரின் அளவை எடுத்து மாமாவிடம் கொடுத்திருக்கிறேன், நவம்பரில் புயல் காலம் தொடங்குவதற்குள் வாங்கச் சொல்லி.